தாழைப் பிடியும் ஈய மீனும்

ஒரு காட்டில் என்று நான் வாயைத் திறந்ததுமே மலையும் புலியும் உங்கள் கண்முன் வந்து நிற்கும். அவற்றைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள், குழந்தைகளே. இது கடலோரத்துக் காடு. இதன் மரங்கள் சேற்றில் கால் ஊன்றி, உப்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை. காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு உப்பங்கழி இருந்தது. கடல் ஏறும்போது மீன்களும் கழிக்குள் ஏறி வரும்.

அந்தக் கழிக்கரையில் ஒரு மீன்பிடிப் பூனை வாழ்ந்தது. தாழம்புதரில் பிறந்ததால் அதற்குத் தாழை என்று பெயர். தாழையின் நகத்தில் ஒன்று சிக்கிவிட்டால் அவ்வளவுதான், அது விடாது. ஒருமுறை ஒரு நண்டு தாழையின் காலைக் கவ்வியது. தாழை நண்டைக் கவ்வியது. பொழுது சாயும்வரை இரண்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன. கடைசியில் நண்டுதான் கெஞ்சியது. மற்ற இடங்களில் குரங்குப் பிடி என்பார்கள். அந்தக் காட்டில் மட்டும் தாழைப் பிடி என்றுதான் பேச்சு.

தாழைக்கு மூன்று குட்டிகள். எள்ளு, கொள்ளு, பயறு.

அந்த வருடம் பெரும்புயல் ஒன்று அடித்தது. கழியும் கடலும் சேரும் வாயில் மணல் மேடு எழும்பி வழியை அடைத்துவிட்டது. கடல் மீன் உள்ளே வரவில்லை. உள்ளே இருந்த மீன் வெயிலில் செத்து மிதந்தது. தாழை மணலைப் பிறாண்டிப் பார்த்தது. பிறாண்டப் பிறாண்ட மணல் சரிந்ததே தவிர, வழி திறக்கவில்லை. தவளையும் நத்தையும் தின்று குட்டிகள் இளைத்துப் போயின.

அப்போதுதான் தாடையப்பர் வந்து இறங்கினார்.

தாடையப்பர் யார் என்று கேட்பீர்கள். தூரத்துத் தீவில் வாழும் கூழைக்கடா. அலகுக்குக் கீழே ஒரு பெரிய பை. அந்தப் பையில் எவ்வளவு போட்டாலும் அவருக்குப் போதாது.

"என்ன தாழை, குட்டிங்க எலும்பும் தோலுமா நிக்குது?" என்றார் தாடையப்பர்.

"கழியில மீன் இல்லீங்க ஐயா."

"எங்க தீவுல எலித் தொல்லை. அமாவாசை கழிஞ்சதும் எங்க கூட்டம் முட்டை வைக்கும். உன் குட்டிங்களை என்கூட அனுப்பு. எலியை விரட்டட்டும். ஆளுக்கு ஒரு மீன் நான் போடுறேன்."

"எப்போ திருப்பி அனுப்புவீங்க?"

"திருப்பியா?" தாடையப்பர் பையை ஆட்டிச் சிரித்தார். "எலி தீரட்டும், பார்க்கலாம்."

எலி என்றைக்குத் தீர்ந்திருக்கிறது? குட்டிகளை இந்தக் கரையில் இனிமேல் பார்க்க முடியாது என்பது தாழைக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"நானே மீன் பிடிப்பேன்" என்றது தாழை.

"எங்கே? இந்தச் சேத்துலயா?"

"கடல்ல. பார் இருக்கிற ஆழத்துல."

பார் என்பது கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டு. பெரிய மீன்கள் அங்கேதான் கூடும். பத்துப் பனைமரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் நுனி தண்ணீருக்கு மேலே தெரியாத ஆழம் அது.

"நானே அவ்வளவு ஆழத்துக்கு முங்க மாட்டேன். முழங்கால் தண்ணியில மீன் பிடிச்சவ நீ!" என்றார் தாடையப்பர். "சரி, பிடி. ஒரே ஒரு மீன் அங்கேயிருந்து கொண்டு வந்துட்டா நான் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல. இல்லேன்னா அமாவாசை அன்னைக்குக் குட்டிங்க என் பைக்குள்ள ஏறணும். சரியா?"

"சரி" என்றது தாழை. பசித்த மூன்று வயிறுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்?

அவர் பறந்து போனதும், ஆழத்து மீனை எப்படிப் பிடிப்பது என்று தாழை யோசித்தது. யோசித்தபடியே நேராக மினுக்கியின் மரத்தடிக்குப் போனது.

மினுக்கி ஒரு காகம். பளபளப்பான எதைப் பார்த்தாலும் கூட்டுக்குத் தூக்கி வந்துவிடும். அதன் கூட்டில் ஒரு ஈய மீன் இருந்தது. விரல் நீளம், நல்ல கனம், ஒரு பக்கம் வெள்ளியாக மின்னும். தலைப்பக்கம் ஒரு தூண்டில் முள். மனிதர்களின் படகிலிருந்து விழுந்து, ஒரு பெரிய நூல் உருண்டையோடு கரையில் ஒதுங்கியது அது. அந்தக் கண்ணாடி நூலை மீன்காரர்கள் நரம்பு என்பார்கள்.

"ஏ மினுக்கி, அதைக் கொஞ்ச நாளைக்குக் குடு" என்றது தாழை.

"என் சொத்தே அதுதான்டி!" என்று மினுக்கி இறக்கையால் அதை மூடிக்கொண்டது. பிறகு கீழே நின்ற குட்டிகளைப் பார்த்தது. "தொலைச்சேன்னு வை, உன் பேரைக் காடு பூரா கத்துவேன்."

"தொலைக்க மாட்டேன். இதுக்கு இரை எங்கே மாட்டுறது?"

"இரையே கிடையாது. நான் படகுக் கம்பத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேனே. ஈயத்தைத் தண்ணியில விடுவாங்க. அப்புறம் கையைத் தூக்குவாங்க, தூக்குவாங்க, தூக்கிக்கிட்டே இருப்பாங்க. மீன் வந்துடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றது மினுக்கி. பார்த்ததில் பாதியைச் சொல்லிவிட்டு முழுவதையும் சொன்னதாக நினைப்பதில் காகத்தை மிஞ்ச ஆளில்லை.

கடலுக்குள் போக ஒரு மிதவை வேண்டுமே. உடைந்து கரை ஒதுங்கிய கட்டுமரம் ஒன்று வாலாண்டியிடம் இருந்தது. வாலாண்டி தனியாகத் திரியும் ஒரு குரங்கு. பேச ஆள் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம் அதற்கு.

"அண்ணே, என்னைப் பார் வரைக்கும் கூட்டிட்டுப் போறீங்களா? மீன் கிடைச்சா உங்களுக்கும் ஒரு பங்கு" என்றது தாழை.

"மீனை நான் என்ன பண்ண, தங்கச்சி? எனக்கு ஒரு கதை கிடைச்சா போதும். இந்த மரத்துப் பசங்க என் பழைய கதையைக் கேட்டா எழுந்து போயிடுறாங்க." வாலாண்டி பனைமட்டையைத் துடுப்பாக எடுத்துக்கொண்டது. "ஏறு!"

மறுநாள் காலையில் இருவரும் கிளம்பினார்கள். மினுக்கி மேலே பறந்து வழி காட்டியது. கரையில் நிற்கும் ஒற்றைப் பனையும், அதற்குப் பின்னால் இருக்கும் சின்னக் கல்குன்றான கரட்டின் உச்சியும் ஒரே நேராகத் தெரியும் இடத்தில் மனிதர்களின் படகுகள் நிற்குமாம். அந்த இடத்தில் வாலாண்டி துடுப்பை நிறுத்தியது.

தாழை நரம்பின் ஒரு முனையைக் கட்டுமரத்தில் இறுகக் கட்டியது. மறுமுனையில் இருந்த ஈய மீனைத் தண்ணீரில் இறக்கியது. இறக்கியது என்று பேருக்குச் சொல்கிறேன். நகத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சாணாக, மனசே இல்லாமல் விட்டது.

"அடி தொட்டுச்சா?" என்றது வாலாண்டி.

"தெரியலையே அண்ணே."

"ஏ தாழை! நரம்பு படுத்துக்கிட்டுப் போகுது!" என்று மேலேயிருந்து மினுக்கி கத்தியது.

உண்மைதான். நீரோட்டம் கட்டுமரத்தை ஒரு பக்கமாக இழுத்துப் போனது. ஈயம் ஆழத்துக்குப் போகாமல் சாய்ந்து, எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒற்றைப் பனை ஒரு பக்கமும் கரடு ஒரு பக்கமுமாக எப்போதோ விலகிவிட்டன. அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மறுநாள் வாலாண்டி நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் தள்ளிப் போய், அங்கிருந்து கட்டுமரத்தை மெதுவாக மிதக்க விட்டது. பாருக்கு மேலே வந்ததும் ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பைப் போட்டு நிறுத்திப் பிடித்தது. இந்தத் தடவை நரம்பு நேராக நின்றது. ஈயம் போய் அடியில் மோதியது.

"தூக்கு, தங்கச்சி!"

தாழை தூக்கியது. தூக்கிக்கொண்டே இருந்தது. கட்டுமரத்தின் மேலே ஈயம் வந்து தட்டும்வரை தூக்கியது. மீன் இல்லை. மறுபடியும் இறக்கியது, மறுபடியும் தூக்கியது. சூரியன் உச்சிக்கு வந்தது. பாதம் தேய்ந்து ரத்தம் கசிந்தது. மீன் மட்டும் இல்லை.

"தண்ணிக்குள்ள மீனே இல்லையோ?" என்றது வாலாண்டி.

"இருக்கு அண்ணே. ஈயம் மேல வர்றப்போ பின்னாடியே ரெண்டு நிழல் வருது. கிட்ட வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுது."

"சும்மா பார்த்துட்டுப் போறதுக்கு அதுங்களுக்கு என்ன, திருவிழாவா?"

அடுத்த தடவை ஈயத்தின் முள் பாரில் சிக்கிக்கொண்டது. தாழை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது. நரம்பு விண்ணென்று கத்தியது.

"விடு! அறுந்துடப் போகுது. கொஞ்சம் தளர விடு!" என்று வாலாண்டி பதறியது.

"விட்டா போயிடும்!"

"குரங்குப் பிடின்னு எங்களைத்தான் ஊரே சொல்லுது. உன்னைப் பார்த்தா எங்க கூட்டத்துக்கே வெட்கமா இருக்கு, போ!" பயத்தில் வாலாண்டி துடுப்பைத் தாறுமாறாகப் போட்டது. கட்டுமரம் பாருக்கு அந்தப் பக்கம் போனது. நரம்பு ஒரு நொடி தளர்ந்தது. முள் தானாகக் கழன்று வந்துவிட்டது.

"பார்த்தீங்களா? விடாம இழுத்ததாலதான் வந்துச்சு" என்றது தாழை.

அப்படியில்லை என்று உங்களுக்குத் தெரியும். தாழைக்குத்தான் தெரியவில்லை.

இப்படியே பல நாள் போனது. நிலா தேய்ந்துகொண்டே வந்தது. தினமும் விடியும்போது கிளம்பி, வெயில் சுட்டதும் திரும்பினார்கள். காட்டில் கேலி ஆரம்பித்துவிட்டது. "இன்னைக்கு என்ன பிடிச்சே தாழை, காத்தா?" என்று நரி கேட்டது. தாழை கொண்டு வந்த ஒன்றிரண்டு நண்டைக் குட்டிகளுக்குப் போட்டுவிட்டு, பாதத்தை நக்கிக்கொண்டு, மறுநாளைக்காக நரம்பைச் சிக்கெடுத்தது. அதற்கும் அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டே சிக்கெடுத்தது.

அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தபோது கடல் கொந்தளித்தது. கட்டுமரத்தை இறக்க முடியவில்லை.

"சும்மா உட்கார மாட்டேன். கை பழகட்டும்" என்று சொல்லிக்கொண்டு தாழை ஒரு புன்னைமரக் கிளையில் ஏறியது. நரம்பில் ஈயத்துக்குப் பதிலாக ஒரு கிளிஞ்சலைக் கட்டிக் கீழே தொங்கவிட்டது. கடலில் செய்வதைப் போலவே தூக்கியது, தூக்கியது, தூக்கிக்கொண்டே இருந்தது.

கீழே மூன்று குட்டிகளும் வந்து உட்கார்ந்தன. கிளிஞ்சல் மேலே போகப் போக ஆறு கண்களும் அதன் பின்னாலேயே போயின. ஒரு குட்டியும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு முசுறு எறும்பு தாழையின் காதைக் கடித்தது. தாழை ஐயோ என்று காதைச் சொறியப் போனது. நரம்பு பிடியிலிருந்து நழுவியது. கிளிஞ்சல் சுழன்று சுழன்று கீழே விழுந்தது.

எள்ளு, கொள்ளு, பயறு மூன்றும் ஒரே நேரத்தில் அதன்மேல் பாய்ந்தன!

தாழை காதைச் சொறிவதை மறந்துவிட்டது. மெதுவாக நரம்பை எடுத்து மறுபடியும் தூக்கியது. குட்டிகள் பார்த்தன, அவ்வளவுதான். நரம்பை விட்டது. குட்டிகள் பாய்ந்தன.

"எள்ளு, இங்கே பாரு. தூக்குறப்போ ஏன் பாயல?" என்று கேட்டது தாழை.

"தூக்குறப்போ அது தெம்பா இருக்குதே அம்மா. பாஞ்சா ஓடிப் போயிடும்."

"விழறப்போ?"

"விழறப்போ அதுக்குச் சீக்கு. சீக்கு வந்ததைப் பிடிக்கிறது சுலபம்" என்றது எள்ளு. இதுகூடவா அம்மாவுக்குத் தெரியாது என்று கொள்ளுவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

தாழைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அட, நானா இருந்தாலும் அப்பத்தானே பாய்வேன்! இத்தனை நாளா இது தோணாமப் போச்சே!" என்று கத்தியது.

மினுக்கி கம்பத்தில் உட்கார்ந்து, மேலே போன கையைத்தான் பார்த்திருந்தது. கீழே இறங்கிய கையைப் பார்க்கவில்லை.

விஷயம் தெரிந்துவிட்டது. வேலை முடிந்ததா? அங்கேதான் ஆரம்பித்தது. தாழை நரம்பைத் தூக்கிவிட்டு, விடு என்று பாதத்துக்குச் சொன்னது. பாதம் கேட்கவில்லை. நகம் தானாக இறுகியது. விட்டால் போய்விடும் என்ற பயம் அந்த நகத்துக்குள் பிறந்த நாளிலிருந்தே இருந்தது. மீன்பிடிப் பூனையின் நகம் மற்றப் பூனைகளின் நகத்தைப் போல முழுதாக உறைக்குள் போவதும் இல்லை.

"குட்டிங்களா, நான் தூக்கினதும் நீங்க விடுன்னு கத்துங்க" என்றது தாழை.

"விடும்மா!" என்று மூன்றும் கத்தின.

பாதி விட்டது. மறுபடி இறுக்கியது.

"விடும்மா!"

இப்போது மொத்தமாக விட்டுவிட்டது. கிளிஞ்சலோடு நரம்பும் போய்ப் புதரில் விழுந்தது. அதுவும் தப்பு. விடவும் வேண்டும், விட்டது எங்கே போகிறது என்று பாதத்துக்குத் தெரியவும் வேண்டும். நகத்தைப் பின்னால் மடக்கி, மெத்தென்ற பாதத்துக்கு நடுவே நரம்பை ஓடவிட வேண்டும். தாழை அன்று முழுவதும் செய்தது. அடுத்த இரண்டு நாளும் செய்தது. கத்திக் கத்திக் குட்டிகளின் தொண்டை கட்டிவிட்டது. வாலாண்டி வந்து பார்த்துவிட்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

அமாவாசைக் காலையில் கடல் அடங்கியிருந்தது. கட்டுமரம் பாருக்கு வந்தபோது தாடையப்பரும் வந்துவிட்டார். கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் இறங்கி, பையை விரித்து வெயில் காய்ந்தார்.

"குட்டிங்களைக் கழுவித் துடைச்சு வச்சிருக்கியா, தாழை? மத்தியானக் காத்துல கிளம்பணும்."

தாழை காதில் வாங்கவில்லை. வழக்கம்போல நரம்பின் முனையைக் கட்டுமரத்தில் கட்டிவிட்டு, ஈய மீனை இறக்கியது. இந்தத் தடவை தாராளமாக, நேராக. நரம்பு பாதத்தில் ஓடியது. ஓடி ஓடி, திடீரென்று தளர்ந்தது. அடி தொட்டுவிட்டது என்று தாழைக்கு முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. பாரில் முள் சிக்குமுன் உடனே இரண்டு முழம் மேலே எடுத்தது.

தூக்கியது. விட்டது. தூக்கியது. விட்டது.

ஒன்றும் இல்லை.

"வெறும் ஈயத்தை எந்த மீன் தின்னும்? அதுக்கெல்லாம் அறிவு இல்லையா?" என்றார் தாடையப்பர்.

தூக்கியது. விட்டது. ஆழத்தில், இருட்டில், ஒரு சின்ன வெள்ளி மீன் துள்ளுவதும் தளர்ந்து சாய்வதும் தாழையின் மனதுக்குள் தெரிந்தது. இப்போது மீன்களைப் பற்றி அது நினைக்கவில்லை. கீழே மூன்று குட்டிகள் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டது. தூக்கியது. விட்டது.

விழுந்துகொண்டிருந்த ஈயம் பாதி வழியில் டொக்கென்று நின்றது.

"அண்ணே!"

அதற்குமேல் பேச நேரமில்லை. கட்டுமரமே ஒரு பக்கம் சாய்ந்தது. நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. தாழையின் பத்து நகங்களும் இறுகப் பார்த்தன. இப்போது இறுகினால் நரம்பு அறுந்துவிடும்.

"பிடி! விடாதே! விட்டா போச்சு!" என்று தாடையப்பர் கத்தினார். நல்லெண்ணத்தில் கத்தினாரோ வேறு எண்ணத்தில் கத்தினாரோ, எனக்குத் தெரியாது.

தாழை கண்ணை மூடியது. விடும்மா என்று மூன்று குரல்கள் காதுக்குள் கேட்டன. அது நகத்தை மடக்கியது. நரம்பு ஓடியது. ஓட்டம் குறைந்ததும் ஒரு முழம் இழுத்தது. மீன் மறுபடி ஓடியது, தாழை மறுபடி விட்டது. வாலாண்டி மீன் போன பக்கமெல்லாம் துடுப்புப் போட்டுக் கட்டுமரத்தைத் திருப்பியது. விட்டதும் எடுத்ததுமாக வெகுநேரம் போனது. தாழையின் பாதம் எரிந்தது, முதுகு விட்டுப்போனது. ஆனால் எடுக்கும் முழம் மெல்ல மெல்ல விடும் முழத்தை மிஞ்சிக்கொண்டு வந்தது.

கடைசியில் பச்சைத் தண்ணீருக்குள் ஒரு வெள்ளைத் தட்டு சுழன்று சுழன்று மேலே வந்தது. பாரை மீன்! அகன்ற நெற்றி, தாழையின் நீளத்துக்கு உடம்பு, வாலடியில் வரிசையாகக் கூரிய முட்கள். களைத்துப்போய்க் கட்டுமரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது.

"தங்கச்சி, கதை கிடைச்சுடுச்சு!" என்று வாலாண்டி குதித்தது.

அந்த நொடியில் தாடையப்பர் பாய்ந்தார். "தண்ணியில மிதக்கிற மீன் எல்லாம் எனக்குத்தான்!" என்று சொல்லிக்கொண்டே மீனின் வாலை அலகால் கவ்வினார். தலைப்பக்கம் தாழையின் முள். வால்பக்கம் தாடையப்பரின் அலகு.

"ஐயா, இது நியாயமா? அது நான் பிடிச்ச மீன்!"

தாடையப்பர் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மீன் போய்விடுமே. இறக்கையைப் படபடவென்று அடித்து, கால்களைத் தண்ணீரில் ஊன்றி, முழுப் பலத்தோடு பின்னால் இழுத்தார். தாழை இந்தப் பக்கம் இழுத்தது. மீனின் வாயில் முள் பிய்ந்துகொண்டு வரத் தொடங்கியது. இன்னும் ஓர் இழுப்பில் மீனும் போய்விடும், குட்டிகளும் போய்விடும்.

தாழை தாடையப்பரைப் பார்த்தது. அவர் கண் பிதுங்கியிருந்தது. உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்திருந்தது. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தாழைக்குத் தோன்றியது. பாரில் முள் சிக்கியபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"நல்லா இழுங்க ஐயா, விட்டுடாதீங்க!" என்றது தாழை.

அவர் இன்னும் வேகமாக இழுத்தார். அந்த இழுப்பின் நடுவில், தாழை நரம்பைப் பட்டென்று விட்டது.

தாடையப்பர் தலைகீழாகப் பின்னால் போய் விழுந்தார். கால் வானத்தைப் பார்த்தது. பை நிறையக் கடல் புகுந்தது. மூச்சுக்காக அவர் வாயை ஆவென்று திறக்க, மீனின் வாலடி முட்கள் பையின் ஓரத்தைக் கீறிக்கொண்டு வெளியே வந்தன. மீன் மறுபடி தண்ணீரில் மிதந்தது. அதன் வாயில் முள் அப்படியே இருந்தது. நரம்பின் மறுமுனையும் கட்டுமரத்தில் கட்டினபடி இருந்தது.

தாழை நிதானமாக நரம்பைச் சுருட்டி, மீனைக் கட்டுமரத்தில் ஏற்றியது.

"விட்டதெல்லாம் போயிடும்னு நினைச்சிட்டீங்களா ஐயா?" என்றது.

இறக்கை நனைந்து, பை கிழிந்து, பறக்க முடியாமல் தாடையப்பர் அலையில் ஆடிக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"ஏறிக்கோங்க. கரையில விட்டுடுறோம்" என்றது வாலாண்டி. "வழியில கதை சொல்றேன். பேராசை பிடிச்ச ஒரு கூழைக்கடா பத்தி."

கட்டுமரம் கரைக்கு வந்தது. மினுக்கி முதலில் ஓடிவந்து தன் ஈய மீனை எண்ணிச் சரிபார்த்தது. இருந்தது ஒன்றுதான், ஆனாலும் இரண்டு முறை எண்ணியது. பிறகு, "நாளைக்கும் வேணும்னா எடுத்துக்கோ" என்று மெதுவாகச் சொன்னது.

இறகு உலர்ந்ததும் தாடையப்பர் குட்டிகளின் பக்கம் பார்க்காமலே தீவுக்குப் பறந்தார். தாழை மூன்று குட்டிகளையும் மாற்றி மாற்றி நக்கியது. மனது நிறைந்து, எதை நக்கினோம், எதை நக்கவில்லை என்றே அதற்குத் தெரியவில்லை.

எள்ளும் கொள்ளும் மீனைத் தின்ன ஆரம்பித்தன. பயறு மட்டும் மீனின் ஒரு துடுப்பைப் பல்லால் இறுகக் கவ்விக்கொண்டு, யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று உறுமிக்கொண்டே நின்றது. அதற்கும் நல்ல தாழைப் பிடி.

"பயறு, விடுடா. கவ்விக்கிட்டே நின்னா எப்படித் தின்னுவே?" என்றது தாழை.

பயறு யோசித்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தது. மெல்ல வாயைத் திறந்தது. பிறகு மீனில் ஒரு பெரிய கடி கடித்தது.

நீதி: இறுகப் பிடிக்கும் உறுதி மட்டும் போதாது, நேரம் அறிந்து விடும் உறுதியும் சேர்ந்தால்தான் நினைத்தது கைக்கு வரும்.